பல்லரசியின் பன்னிரண்டு வரிகள்

என் நாத்தனாருக்குப் பல்லரசி என்று பட்டம் சூட்டியவர் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். அவள் பல் செட் செய்கிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பல் மருத்துவமனையின் மாடியில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை. ஜன்னலை ஒட்டி மேசை, மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகு, யார் யாருடைய வாயிலிருந்தோ எடுத்த வெள்ளை அச்சுகள். டாக்டர் கீழே அளவெடுத்து அனுப்புவார். இவள் மேலே மெழுகை உருக்கி ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். முன்பல் ஒன்றை மட்டும் இம்மியளவு திருப்பி வைப்பாள். "ரொம்ப வரிசையா இருந்தா பொய்ப் பல்லுன்னு காட்டிக் குடுத்துடும் அண்ணி" என்பாள்.

வயது முப்பத்தைந்து. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி எங்கள் எல்லோரையும் வாதத்தில் ஜெயித்தவள். கலகலப்பானவள். கடவுள்மேல் நம்பிக்கை உள்ளவள். எனக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து கிடையாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் கைகால் கழுவிவிட்டுத் தன் அறையில் உட்கார்ந்து, அவர்கள் பிரார்த்தனைக் கூடத்தில் சொல்லும் பன்னிரண்டு வரிகளைச் சொல்வாள். பிறகு ஒரு பாட்டுப் பாடுவாள். சுருதி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். கசங்கின முகத்தோடு உள்ளே போகிறவள், இஸ்திரி போட்ட முகத்தோடு வெளியே வருவாள்.

என் மாமனார் இறந்த பிறகுதான் எல்லாம் மாறியது. ஐந்து நிமிடம் பதினைந்தானது. பிறகு முக்கால் மணி. ஒரு வரியைச் சொல்லும்போது மனது எங்காவது போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். முதலிலிருந்து என்றால், மறுபடி கைகால் கழுவுவதிலிருந்து. பாட்டு நின்றுபோனது. குளியலறை வாசலில் என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு நின்று, "உள்ள என்ன தவமா நடக்குது? வரம் வாங்கிட்டு வந்தா எனக்கும் ரெண்டு குடு" என்று கத்துவார். முதலில் அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. கைத்தோல் உரிந்து சிவந்திருந்தது. சாப்பாட்டில் கை வைத்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள்.

வேலையும் பின்தங்கியது. அதில் மாட்டிக்கொண்டவர் மைக் மாமா. சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்து மைதானத்தில் நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு வர்ணனை சொல்கிறவர். இருந்த பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை செட் வந்துவிடும் என்று காத்திருந்தார். வரவில்லை. வெறும் ஈறோடு மைக்கைப் பிடித்தார். மற்ற எழுத்தெல்லாம் ஒருவாறு வந்துவிட்டது, 'த' மட்டும் வரவில்லை. 'த' இல்லாமல் பந்தை எப்படித் தடுப்பது, தட்டுவது, தூக்கி அடிப்பது? "ஹடுஹார்! ஹட்டினார்! ஹூக்கி அடிஹார்!" என்று ஒலிபெருக்கி அலற, மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கோல்கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஒரு கோல் உள்ளே போனது. மைக் மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

கூட்டத்தில் நின்றிருந்த இவள் மட்டும் சிரிக்கவில்லை. பேயறைந்த மாதிரி வீடு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரே துண்டை நாலாவது தடவையாகப் பிரித்து மடித்தாள். நான் அதைக் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"கெட்ட நெனப்பு வருது அண்ணி. பிரார்த்தனை நடுவுல கடவுளையே திட்டற மாதிரி. நான் நெனைக்கல, அதுவா வருது. அதோட விட்டுட்டு எந்திரிச்சா யாருக்காவது ஏதாவது ஆயிடும்னு பயமா இருக்கு. அப்பாவுக்கு ஆன மாதிரி."

"அப்பாவுக்கு என்ன?"

"ஆபரேஷன் அன்னிக்குக் காலைல பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசர அவசரமாச் சொன்னேன். நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் அப்பா போயிட்டார்."

இத்தனை மாதமாக இதை நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். "இப்படி ஆளை வதைக்கிறதுக்குப் பேரு பக்தியா? மொத்தத்தையும் விட்டுத் தொலை! என்னப் பாரு, நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளே வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் நின்றாள்.

"கூரை ஒழுகுதுன்னு சொன்னா நீங்க வீட்டையே இடிக்கச் சொல்றீங்க அண்ணி. நான் சந்தோஷமா இருந்ததே அங்கதான். எனக்கு அது திரும்ப வேணும்."

சுருக்கென்றது. அன்றைக்கே இருவர் வேலைக்கும் விடுப்புச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனேன், அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு.

கூடத்தை நடத்துகிறவர் ஏணிமேல் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பல்லில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்வியபடியே "வாங்கம்மா" என்றார். பாதி கேட்டதுமே இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கு எத்தனை தடவை சொன்னீங்க?"

"பதினேழு."

"பதினேழாவது சரியா வந்துச்சா?"

"இல்லீங்க ஐயா. வேலைக்கு நேரமாயிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. "இது பாவமில்லம்மா. உடம்புக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி மனசுக்கு வந்திருக்கு. எனக்கும் வந்துச்சு. வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், பூட்டினேனான்னு பாக்க ஆறு தடவை திரும்பி வருவேன். அஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன்."

"நீங்களா? கடவுள்கிட்ட கேக்கலீங்களா?"

"கேட்டேனே. கேட்டுட்டுத்தான் டாக்டர்கிட்ட போனேன்." ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். "கடவுள் என்ன, எழுத்துப் பிழை பாக்கற வாத்தியாராம்மா, ஒவ்வொரு வரிக்கும் மார்க் போட? ஒரு தடவை சொல்லுங்க. எப்படி வந்தாலும் அது போதும்."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அதை அங்கே காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். கண்டபடி நினைப்பு எல்லோருக்கும் வரும், மற்றவர்கள் அதைப் போகவிடுகிறார்கள், இவள் பிடித்து உட்காரவைத்து விசாரிக்கிறாள் என்றார். இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயரே உண்டு என்றார். மாத்திரை எழுதினார். பிறகு பயிற்சி ஒன்று சொன்னார். "காலைல ஒரே ஒரு தடவை பிரார்த்தனை. அதுவும் வேணும்னே ஒரு தப்போட. திருத்தக் கூடாது. அப்படியே எந்திரிச்சு வேலைக்குப் போயிடணும்."

என் நாத்தனார் சட்டென்று எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "வாங்க அண்ணி, போலாம்."

டாக்டரம்மா பதறவில்லை. "உங்க கூடத்துல கேட்டுப் பாருங்களேன், அவங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று தொலைபேசியை நீட்டினார். ஸ்பீக்கரில் கூடத்துக்காரரின் குரல் வந்தது. "ஆறாவது வரியையும் ஏழாவது வரியையும் மாத்திச் சொல்லுங்கம்மா. சின்ன வயசுல நான் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

எழுந்தவள் உட்கார்ந்தாள்.

முதல் நாள் காலை நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடி ஆரம்பித்தாள். ஐந்தாவது வரி முடிந்ததும் ஏழுக்குத் தாவினாள், பிறகு ஆறு. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது. பன்னிரண்டையும் முடித்துவிட்டு, வீடு இடிந்து விழப்போகிறது என்கிற மாதிரி காத்திருந்தாள். சொன்னால் வெட்கம், நானும்தான் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மேல்வீட்டில் யாரோ நாற்காலியைக் கரகரவென்று இழுத்தார்கள். இரண்டு பேரும் ஒருசேரத் துள்ளி விழுந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

காலைச் சாப்பாட்டின்போது அப்பா விஷயத்தை அண்ணனிடமும் சொல்லச் சொன்னேன். தட்டைப் பார்த்தபடி சொன்னாள். என் வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

"நீ ஒரு வரிய முழுங்கின. நான் அன்னிக்குப் பிரார்த்தனையே பண்ணல, ஆஸ்பத்திரி கேன்டீன்ல உக்காந்து பன்னு சாப்பிட்டுட்டிருந்தேன். அப்போ அப்பாவக் கொன்னது நானா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதண்ணே!"

"எனக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? அப்பாவுக்கு இதயம் பலவீனம். அவ்வளவுதான் நடந்தது." அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, அவள் தட்டிலிருந்ததை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவள் அவர் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். அப்படியே அழுதாள், அவரும் அழுதார், நான் இரண்டு பேருக்கும் தண்ணீர் எடுத்து வந்தேன்.

அந்த வாரமே மைக் மாமாவுக்குப் பல் போய்ச் சேர்ந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு "தடுத்தார், தட்டினார், தூக்கி அடித்தார்" என்று மருத்துவமனை அதிர ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பயிற்சி தொடர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே பன்னிரண்டு வரியும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் அவள் ஒன்பதாவது வரியில் திக்கி நின்றபோது, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நான் என்னையறியாமல், "என் குறைகளோடு என்னை ஏற்றுக்கொள்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே போட்டார். "பார்ரா! நாத்திகச் சங்கத் தலைவி ஓதிக் குடுக்கறா!" அன்றைக்கு முழுக்க என்னைக் கிண்டல் செய்தே தீர்த்தார்.

எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. மாமனாரின் நினைவு நாள் நெருங்கியபோது பழையபடி தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு வாரம் தூங்கவில்லை. டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், பயிற்சியை விடாதே என்றார். கூடத்துக்காரரும் தினமும் போன் செய்து, "ஒரு தடவைதானே?" என்று கேட்பார். "ஒண்ணே முக்கால் ஐயா" என்பாள் இவள். "நாளைக்கு அந்த முக்காலைக் கழிச்சுடலாம்" என்பார். பத்து நாளில் கழித்துவிட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பிரார்த்தனையை முன்னின்று சொல்லும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். அவள் ஒரு வரி சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஏழு வரை தெளிவாக வந்தது. அடுத்து ஒன்பதைச் சொன்னாள். பழக்கதோஷத்தில் பாதிப் பேர் எட்டைச் சொல்ல, பாதிப் பேர் ஒன்பதைச் சொல்ல, இரண்டும் முட்டிக்கொண்டு கூடம் கப்பென்று அடங்கியது. இதை வேண்டுமென்று செய்யவில்லை, உண்மையாகவே விட்டுவிட்டாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க. எட்டாவது வரி என் கைய விட்டு நழுவிடுச்சு. அந்தப் பக்கம் யாராவது பாத்தீங்களா?"

முன்வரிசையில் ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்தார். சிரிப்பு அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் வந்து என்னிடம் சேர்ந்தது. கூடத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவள் எட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு பாட்டு. சுருதி அந்த ஊர்ப் பக்கமே வரவில்லை. நான் கண்ணீரும் சிரிப்புமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டேன். "எட்டைத் திரும்பச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. இப்பவும் தோணுது." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "தோணட்டும் அண்ணி, அது பாட்டுக்குத் தோணிட்டுப் போகட்டும். எனக்குப் பசிக்குது, வாங்க."

மாத்திரையை இப்போதும் சாப்பிடுகிறாள், பாதி அளவில். பிரார்த்தனை ஆறு நிமிடம், சில நாள் ஏழு. நான் நம்பிக்கைப் பக்கம் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. ஆனால் கூடத்துப் பெண்கள் போன மாதம் ஏரிக்குச் சுற்றுலா போனபோது, என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அங்கே காலால் மிதித்து ஓட்டுகிற படகு இருந்தது. இருவரும் ஏறினோம். அவள் ஒரு பக்கம் மிதிக்க, நான் ஒரு பக்கம் மிதிக்க, படகு முன்னால் போகாமல் ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்றியது.

"அண்ணி, சுக்கானைத் திருப்புங்க!"

"எது சுக்கான்? இதா?"

"அது என் கால்!"

சிரித்துச் சிரித்து அவளால் மிதிக்க முடியவில்லை. ஓரக்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். கரையிலிருந்து படகுக்காரர் இரண்டு கையையும் வாயில் குவித்து, "நேரம் முடிஞ்சுது, வாங்கம்மா!" என்று கத்தினார்.

"வரத் தெரிஞ்சா வர மாட்டோமா!" என்று இவள் திருப்பிக் கத்தினாள்.