பேகம் போட்ட கீறல்

காயல்பட்டினத்தில் கல்யாணமான ஆண்பிள்ளைக்கு மனைவி வீடுதான் வீடு. துபாய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அம்மார், இரண்டு வருஷம் கழித்து அங்கேதான் வந்து இறங்கினான். மறுநாள் மத்தியானம் படுக்கப் போனால், அவன் தலையணையில் ஒரு பூனை. பெயர் பேகம். அவன் மனைவி ஜஹ்ரா வளர்ப்பது.

"ஏளா, இது என் எடம்" என்று தலையணையை உருவினான். பேகம் அவனை மேலும் கீழும் பார்த்தது. யாரோ களவாணிப்பயல் என்று முடிவு கட்டிப் புறங்கையில் ஒரே இழுப்பு. மூன்று கோடு. ரத்தம் முத்து முத்தாகத் துளிர்த்தது.

மாமியார் காப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். "இத அப்புங்க மாப்பிள்ள, நின்னுரும்."

"உம்மா, ஒண்ணும் அப்பக் கூடாது!" ஜஹ்ரா அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். சோப்புப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"போதும் புள்ள."

"பதினஞ்சு நிமிஷம் கழுவணும் மச்சான். பேசாம நில்லுங்க."

வந்ததிலிருந்து வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவளோடு நாலு வார்த்தை பேச வாய்க்கவில்லை. இப்போது கை அவள் கையில் இருந்தது, பக்கத்தில் ஆளில்லை. தன் அறைத்தோழனின் குறட்டையைப் பற்றி அவன் சொன்னான். ஊருக்குள் வெள்ளம் வந்த அன்று பேகம் நனைந்துபோய் மாடிப்படியில் ஏறிவந்ததை அவள் சொன்னாள். அவள் குழாயை அடைத்தபோது, "இன்னும் சோப்பு போகலையே" என்றான் அம்மார்.

"போயாச்சு. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

அவன் முகம் வெளுத்தது. அத்தனை உயரத்தில் ஏறி உட்காருகிறவனுக்கு ஊசி மட்டும் ஆகாது. "வீட்டுப் பூனைக்கு ஏது வெறி?"

"அது ஊரெல்லாம் சுத்துது. எங்க கடி வாங்குச்சோ, யாருக்குத் தெரியும்? வெறிநோய் வந்துட்டா அப்புறம் மருந்து கெடையாது."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெபசுதா கீறலைப் பார்த்தாள். "ரத்தம் வந்திருக்கு. தடுப்பூசியும் போடணும், காயத்தச் சுத்தி இன்னொரு மருந்தும் போடணும்."

அம்மார் கண்ணை இறுக மூடி, "யா அல்லாஹ்!" என்று அலறினான்.

"அண்ணாச்சி, இன்னும் பஞ்சுதான் வச்சிருக்கேன்."

ஒருவழியாகப் போட்டு முடித்தாள். "மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் வரணும்."

"அதுக்குள்ள எனக்கு லீவு முடிஞ்சிருமே."

"கடைசி ஊசிய அங்கன போட்டுக்கிடலாம். விட்டுராதீங்க."

திரும்பும்போது ஆட்டோவில் ஜஹ்ரா வெளியே பார்த்தபடி, "துபாய்ல ஊசி ரொம்பப் பெருசா இருக்குமாம்" என்றாள்.

"யார் சொன்னா?"

"சொன்னாங்க."

அவள் சிரிப்பை அடக்குவது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் போனை எடுத்தான். பூனைக் கதையை மேனேஜர் முதலில் நம்பவில்லை. கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு வாரம் லீவு கூடுதலாகக் கொடுத்தார்.

எல்லா ஊசியும் ஊரிலேயே முடிந்தது. கடைசி ஊசியைக் கண்ணைத் திறந்துகொண்டே போட்டுக்கொள்கிறேன் என்று ஜஹ்ராவிடம் சவால் விட்டுப் போனான். பஞ்சு பட்டதுமே மூடிக்கொண்டான்.