பன்னிரண்டு வயதுக்காரியின் வண்டி

அம்மா என் தலைமயிரை இரண்டாகப் பிரித்து, இரட்டைச் சடை பின்னி, நுனியில் சிவப்பு ரிப்பன் வைத்துக் கட்டினாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பின்னி முடித்ததும் அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலை என் நெஞ்சைச் சுற்றி மூச்சு முட்ட இறுக்கினாள். அதன்மேல் பூப்போட்ட சட்டை, ஒரு குட்டைப் பாவாடை. பிறகு இரண்டடி தள்ளி நின்று, சந்தையில் ஆடு பார்ப்பவளைப் போல என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“குனிஞ்சே உக்காரு. யாராச்சும் கேட்டா கொஞ்சலாப் பேசு.”

“ஒரு தொட்டிலக் கட்டிரும்மா, அதுலயே கெடக்குறேன்,” என்றேன். வழக்கமாக இப்படி வாயாடினால் தலையில் குட்டு விழும். அன்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டி பானைகளைச் சாக்கில் கட்டப் போய்விட்டாள்.

யோசனை, பொகவந்தலாவைக் கடைவீதியில் மனு எழுதும் சிவசாமியுடையது. இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் கேட்டு எழுதும்போது, பெரிய பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும், தனிப் படம் வேண்டும், கண்டிக்கு நேரில் போக வேண்டும் என்று அவர் அடுக்கியிருக்கிறார். கால் வராத பிள்ளையை எப்படிக் கண்டிக்குக் கொண்டுபோவது என்று அப்பா தலையைச் சொறிந்திருக்கிறார். “வீரம்மாதான? உக்காந்தா சின்னப் புள்ளயாட்டம் இருக்கு. பன்னெண்டுன்னு போட்டு ஒங்க பாஸ்போட்டுலயே சேத்துருவோம் மூக்கண்ணே. எவன் அளந்து பாக்கப் போறான்?” என்று சிவசாமி பேனாவை எடுத்துவிட்டார். கோடு போட்ட ஒரு தாளில் என் ஏழு வருஷம் காணாமல் போனது. நான் பெரிய மனுஷியானதும் அந்த ஏழுக்குள்தான்.

நாலு வயதில் வந்த காய்ச்சலோடு என் கால்கள் போய்விட்டன. அதன்பிறகு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் ஒரு மூலைதான் எனக்கு உலகம். அம்மா தூக்கினால் வாசல், இல்லையென்றால் சுவர். இரண்டு வருஷத்துக்கு முன் தேயிலை ஆலையான ஸ்டோரில் தச்சுவேலை பார்க்கும் செல்லசாமி மாமா, ஒரு தேயிலைப் பெட்டிக்கு அடிப்பலகை கொடுத்து, அப்பா வாங்கி வந்த இரண்டு சைக்கிள் சக்கரங்களைப் பூட்டி, முன்னால் ஓர் உருளையும் வைத்து வண்டி செய்து கொடுத்தார். சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவேன். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிப்பேன். கொழுந்து எடுக்கும் பெண்களின் கிழிந்த சட்டைகளைத் தைத்து வீட்டுக்கு வீடு கொடுப்பேன். எல்லாவற்றையும்விடப் பெரிய சுகம், யாரையும் கூப்பிடாமல் கக்கூசுக்குப் போய் வருவது. நடக்கிறவர்களுக்கு அது ஒரு சுகம் என்பதே தெரியாது.

அப்பாவுக்கு அறுபது ஆனதும் தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை நிறுத்திவிட்டார்கள். இலங்கைக் குடியுரிமை கேட்ட மனு அதற்கு முன்பே தள்ளுபடி. இந்தியாவில் துறையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரை அப்பாவே பார்த்ததில்லை. நாங்கள் புறப்பட்ட அன்று காலையிலேயே, எங்கள் காம்பராவுக்கு வரவேண்டிய கந்தப்பன் தன் சாமான்களை வாசலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பனி விலகும்வரை பொறுத்திருக்கக்கூட அவருக்கு மனமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வண்டி இருக்கிறது, எந்த ஊரானாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஹட்டனில் ரயிலேறி, வழியில் மாறி, மறுநாள் தலைமன்னார்த் துறையில் இறங்கினோம். சுங்க மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் நின்றார். கெட்டவர் இல்லை. எங்கள் கம்பளிகளையும் அம்மிக் கல்லையும் பார்த்து, சோக்கட்டியால் குறி போட்டார். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பிள்ளைக்கு எத்தினை வயசு?”

“பன்னெண்டுங்க,” என்றேன், குரலைக் கீச்சென்று ஆக்கி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நல்ல பிள்ளை,” என்று மேசையைச் சுற்றி வந்து கன்னத்தில் தட்டினார். பிறகு குனிந்து, நான் உட்கார்ந்திருந்த வண்டியின் சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். “இது சைக்கிள் சில்லெல்லோ? புதுசு மாதிரி இருக்கு. சில்லு வெளியில கொண்டுபோகப் பெர்மிட் வேணும், ஐயா. இருக்கே?”

அம்மா முந்திக்கொண்டு, “வெளையாட்டு வண்டிங்க, தொரை,” என்றாள்.

“புள்ளைக்குக் கால் வராதுங்க,” என்றார் அப்பா.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “பெரிய ஆளெண்டால் டொக்டரின்ர கடிதத்தோட, நோயாளி நாற்காலி எண்டு எழுதி விடலாம். இது சின்னப் பிள்ளைதானே? தூக்கிக்கொண்டு போங்கோவன். வண்டி நிக்கட்டும்.”

பத்தொன்பது என்று சொன்னால் வண்டிக்கு வழி பிறக்கலாம், ஆனால் பாஸ்போர்ட்டில் அந்த வயதில் யாரும் இல்லை, கப்பல் ஏற முடியாது. பன்னிரண்டாகவே இருந்தால் கப்பல் உண்டு, வண்டி இல்லை. மறுபடியும் மூலை. மறுபடியும் ஒவ்வொன்றுக்கும் “அம்மா, அம்மா” என்று கூப்பிடுவது. அம்மாவுக்குப் பிறகு யாரைக் கூப்பிடுவது?

“ஐயா,” என்று என் சொந்தக் குரலிலேயே கூப்பிட்டுவிட்டேன். அதிகாரி நிமிர்ந்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. அப்பா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அவர் தலையசைக்கவில்லை. சொல் என்றும் அசைக்கவில்லை.

“என்ன பிள்ளை?”

“ஒண்ணுமில்லீங்க,” என்றேன், கீச்சுக் குரலில்.

அம்மா சாமான்களை எடுத்துக்கொண்டாள்; தலையில் ஒரு மூட்டை, இரண்டு கையிலும் மூட்டை. என்னை அப்பாதான் தூக்க வேண்டும். நான் பெரியவளான நாளிலிருந்து அப்பா என்னைத் தொட்டதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதைத் தன் இரண்டு கைகள்மேலும் விரித்துப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, துண்டோடு சேர்த்து என்னைத் தூக்கினார். நெஞ்சில் சுற்றிய வேட்டிக் கிழிசலையும் மீறி என் உடம்பு அவர் நெஞ்சில் பட்டபோது, எங்காவது விழுந்து செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

கப்பலுக்கு ஏறும் பலகைப் பாதையில் பாதி தூரம் போனதும் அப்பா நின்றுவிட்டார். பின்னால் வரிசை முட்டியது.

“என்னாய்யா, இந்தச் சின்னப் புள்ளயத் தூக்க இம்புட்டு மூச்சு வாங்குற?” என்று யாரோ கத்தினார்கள்.

“சின்னப் புள்ளதாங்க,” என்றார் அப்பா, யாரையும் திரும்பிப் பார்க்காமல். “இந்தா, போயிறலாம்.”

கையை மடக்கி, கழுத்தை ஒடுக்கி, என்னால் ஆனமட்டும் நான் சின்னதானேன். கீழே பலகைகளின் இடுக்கில் பச்சைத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் வெறுங்கால் அடுத்த பலகையைத் தடவித் தேடியது.