தேயாத இடது மூலை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நூறு வருஷத்துப் பழசு என்று சொல்லி ஒருவர் என் தலையில் ஒரு நிலைக்கண்ணாடியைக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். திருகாணிகள் எல்லாம் ஒரே அச்சு. தலைக் கீறல் இம்மியும் பிசகாமல் நடுவில். அந்தக் காலத்தில் அந்தக் கீறலைக் கையால்தான் அறுத்தார்கள். அது நடுவை விட்டுச் சற்று விலகித்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேட்கப் போனால் கடையே பூட்டிக் கிடந்தது. ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

‘காலம் உறைந்து நின்ற அந்தக் கடையின் கதவு ஒரு பெருமூச்சுடன்…’

வேண்டாம். கதவு பெருமூச்சு விடாது. இதெல்லாம் வாக்கியத்தைப் பழசாகக் காட்ட மேலே தடவும் வார்னிஷ். நேரே ஆளிடம் போகிறேன்.

2

ஓர் அக்கா. பல்செட் கட்டுவது அவள் தொழில். பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அவள் பல்லைச் செய்து அனுப்புவாள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வயதான வாயில் ஒற்றைப் பல்லைப் பளீரென்று வெள்ளையாக வைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அடியில் கொஞ்சம் மஞ்சள் ஏற்ற வேண்டும். நுனியைத் தேய்க்க வேண்டும். எல்லா இடத்திலும் அல்ல, எதிர்ப்பல் எங்கே உரசுமோ அங்கே மட்டும். தேய்மானத்துக்கு எப்போதும் ஒரு காரணம் வேண்டும்.

அவளோடு அம்மா இருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் கட்டடத்தை இடித்தபோது, அத்தனை வருஷமும் தன் இருக்கைக்குப் பக்கத்தில் நின்ற இழுப்பறைப் பெட்டியை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்கு முன்பே அது யாரோ ஒரு துரை வீட்டில் இருந்ததாம். அதன் இரண்டாவது இழுப்பறை சிக்கிக்கொண்டே இருந்தது. பழைய சாமான் கடை வைத்திருக்கும் தம்பி, சரிசெய்து தருகிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

பெட்டி திரும்பி வந்தது. இழுப்பறை வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்மா இழுத்துப் பார்த்து, “நல்லா ஓடுது” என்றாள். 

(முதல் வரைவில் இந்த இடத்தில் அம்மா கண்கலங்கினாள். அடித்துவிட்டேன். அம்மாக்களைக் கண்கலங்க வைப்பது எனக்குக் கை வந்த கலை. அதனால்தான் சந்தேகம்.)

3

இழுப்பறைக்குள் புதுக் காகிதம் விரிப்பதற்காக அக்கா அதை வெளியே உருவினாள். மூலையில் இரண்டு பலகைகளும் கைவிரல்கள் கோத்ததுபோல் இணைந்திருந்தன. எல்லா விரலும் ஒரே அகலம். கையால் வெட்டியவன் இப்படி வெட்ட மாட்டான். ஒன்று தடிக்கும், ஒன்று மெலியும். சரி, இந்த ஒரு இழுப்பறையைத் தம்பி புதிதாகப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கப்பலகையில் வண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. தன் மேசையிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்து ஒன்றில் விட்டாள். நேராகப் போய் நின்றது. அடுத்ததிலும் அதே ஆழம். வண்டு வளைந்து நெளிந்து, மனம்போன போக்கில் தின்னும்; கம்பி உள்ளே போனதுமே முட்டும். நேராகப் போவது துளையிடும் இயந்திரம்தான். பின்கால்களின் அடியும் மழுங்கியிருந்தது. சுவரை ஒட்டி நிற்கும் காலை யார் போய்த் தடவினார்கள்?

பிறகுதான் முகப்பைப் பார்த்தாள். இரண்டாவது இழுப்பறையின் வலது மூலையில் வார்னிஷ் போய், மரம் தெரியத் தேய்ந்திருந்தது. இடது மூலை பளபளவென்று இருந்தது.

அம்மா இடக்கைக்காரி. இடது மூலையில் கை வைத்துத் தள்ளித்தான் எதையும் மூடுவாள்.

இது அம்மாவின் பெட்டியே இல்லை என்று தெரிந்ததும் அக்கா தம்பியின் கடைக்குக் கிளம்பினாள்.

4

தம்பி மறைக்கவில்லை. (மறைத்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.) பழைய பெட்டி கடையின் பின்னறையில், துணி சுற்றி, கயிறு கட்டி நின்றது. வாங்கியவர் மறுநாள் ஆள் அனுப்புகிறாராம். அதன் அருமை தெரிந்தவராம். அம்மா அதில் மாத்திரை அட்டைகளைத்தானே போட்டு வைக்கிறாள் என்று கேட்டான்.

“அம்மாவுக்கு இழுப்பறை ஓடணும், ஓடுது. அவருக்குப் பழசு வேணும், கிடைச்சிருக்கு. இதுல யாருக்குக்கா நஷ்டம்?”

“எனக்குத் தெரியாம இருந்திருந்தா யாருக்கும் இல்ல, அப்படித்தானே?”

“நீ பேசாத. நாள் பூரா பொய்ப்பல்லு செய்யிறவ.”

“ஆமாண்டா. ஆனா அது பொய்ப்பல்லுன்னு போட்டுக்கிறவங்களுக்குத் தெரியும். தூங்கிட்டிருக்கும்போது நல்ல பல்லைப் பிடுங்கிட்டு நான் மாத்தி வைக்கிறதில்ல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கிறேன். அம்மா எந்தக் கையால எழுதுவாங்க?”

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

“வலது கைதான். எல்லாரையும் மாதிரி. ஏன்?”

5

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் அவனை அடித்திருப்பேன். என் கண்ணாடிக்காரர் யாரோ எவரோ. இவன் அவள் பெற்ற பிள்ளை. யாரோ ஒரு துரை அந்த மரத்தைத் தொட்டிருக்கலாம் என்பதற்கு விலை உண்டு. அம்மா தினமும் தொட்டதற்குக் கிடையாது. தேய்மானம் பழசின் அடையாளம் என்பது வரை தெரிந்துவைத்திருந்தான். அது யாருடைய தேய்மானம் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு முடிவு: தம்பி தலைகுனிந்து, ‘மன்னிச்சிடுக்கா, நான் இனிமே…’

இல்லை. இது புதுமரத்தில் போட்ட ஓட்டை. நேராகப் போய் நின்றுவிடும்.

இன்னொரு முடிவு: பெட்டி விற்றுப் போகிறது. நிம்மதியாக இருக்கட்டும் என்று அக்கா அம்மாவிடம் ஒன்றும் சொல்வதில்லை. அப்படி எழுதித்தான் ஒரு வாரம் வைத்திருந்தேன். படித்த நண்பர் உருகிப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குத் தெரியவா போகிறது என்று தம்பி நினைத்தான். தெரிய வேண்டாம் என்று அக்கா நினைப்பாளாம். இருவருக்கும் என்ன வித்தியாசம்?

6

ஆகவே நடந்தது இது. அக்கா அங்கேயே கயிற்றை அவிழ்த்தாள். கடை ஆட்களைக் கூப்பிட்டாள். வாங்கியவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுக்கொண்டே தம்பியும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டான். இப்போது கூடத்தில் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சத்தம் கேட்டு அம்மா அறையிலிருந்து வருகிறாள். இரண்டையும் பார்க்கிறாள். பிள்ளைகளையும் பார்க்கிறாள்.

“எதுக்கு ரெண்டு?”

இதற்கு அம்மா என்ன செய்வாள் என்று நானும் பல தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பழசைத் தடவிப் பார்க்கட்டுமா? எனக்கு ஓடுற பெட்டியே போதும் என்று சொல்லட்டுமா? எனக்கு எல்லாம் அப்போதே தெரியும் என்று ஒரு வார்த்தையில் கடை ஆட்கள் முன்னால் தம்பியின் மானத்தை வாங்கட்டுமா? ஒவ்வொன்றும் அழகாகத்தான் வந்தது. ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பதிலாக நான்தான் பேசினேன். தம்பி செய்ததும் இதுதானே?

அதனால் முடிவை எழுத மாட்டேன். அவள் கேள்வி கேட்டிருக்கிறாள். தம்பி, “அது வந்தும்மா…” என்று இழுக்கிறான். அவனைப் பேச விடாதீர்கள். அக்கா அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உங்களைப் பார்க்கிறாள். மிச்சம் இருப்பது நீங்கள்தான். நடந்ததை நடந்தபடி அவளிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகு, எது வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.