முடக்கில் இறங்காத சைக்கிள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊசிப்பாறைத் தோட்டத்து மேட்டு லயத்து வரிசையின் கடைசி வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். தோட்டத்துத் தபால்காரர் செபமாலை, சுவரோரம் பழைய தேயிலைப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டோரீன் வாசற்படியில், மடியில் அரிசிச் சுளகோடு. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெசின் பார்க்கிற செல்லசாமி தரையில் சாக்கை விரித்துச் சப்பணமிட்டிருந்தான். நடுவே சைக்கிள் தலைகீழாக, இரண்டு சக்கரமும் மேலே பார்க்க நின்றது. சீக்காளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி மூவரும் அதையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சீக்கு இதுதான். காலையில் தபால் பையோடு கீழே கொட்டகலைத் தபாலாபீசுக்கு இறங்குவது சுகம். காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வருகிற ஏற்றத்தில் செபமாலை பாதி வழியிலேயே இறங்கிவிடுவார். நெஞ்சில் குளிர் கட்டிய நாளிலிருந்து தள்ளிக்கொண்டு நடப்பதும் மெதுவாகிவிட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஆபீசுக்கு வரும்போது மேசையில் தபால் இருப்பதில்லை. இனியும் பிந்தினால் தபாலை லொறிக்காரனிடம் கொடுத்துவிட்டு அவரை மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போடப்போவதாகப் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் சொல்லிவிட்டார். மழையிலும் சேற்றிலும் நின்று மண்வெட்டி பிடிக்க அந்த நெஞ்சு தாங்காது. அது செபமாலைக்கும் தெரியும், டோரீனுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

செல்லசாமி கையில் பெரிய பல்லுச்சக்கரம் ஒன்று இருந்தது. அட்டனில் உடைந்து கிடந்த, ரொட்டி விற்கிற ஒரு பாண்காரரின் சைக்கிளிலிருந்து கழற்றி வந்தது.

"இம்மாம் பெரிசா இருக்கே, மிதிக்கக் கனக்காதா?" என்றாள் டோரீன்.

"பின்னுக்குப் பல்லு கூடக் கூட காலுக்கு லேசு மதினி. சைக்கிளு மெல்லத்தான் போவும். ஆனா மலைய மலைன்னு நெனைக்காது."

"மெல்லப் போனா நேரத்துக்கு வருமா?"

"தள்ளிக்கிட்டு நடக்கிறதவிட வேகமா வரும்ல. அண்ணன் நடக்கிற நடைக்கு நத்தையே முந்திக்கிட்டுப் போவுது."

"டேய்" என்றார் செபமாலை.

பழைய செயின் பெரிய சக்கரத்துக்கு எட்டவில்லை. பாண்காரரின் செயினிலிருந்து சில கண்ணிகளைக் கழற்றிச் சேர்த்து, ஊசிகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கினான் செல்லசாமி. பெடலைக் கையால் சுற்றியதும் சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது. கம்பிகள் மறைந்து அங்கே ஒரு வெள்ளிப்புகை மட்டும் நின்றது. செபமாலை அதற்குள் எதையோ கண்டவர் போலப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சைக்கிளை நிமிர்த்தி வைத்ததும் செல்லசாமி மடியிலிருந்து எலுமிச்சைத் தேசிக்காய் ஒன்றை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தான்.

"இது எதுக்கு?"

"ரோதை சுத்துற எடமெல்லாம் ரோதமுனி சாமி இருக்காரு மதினி. ஸ்டோர்ல அவருக்குச் சொல்லாம ஒரு மெசினும் ஓடாது."

"இந்த வீட்டுல அந்தோணியாரு இருக்காரு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காம இருந்தாச் சரி."

மறுநாள் கொட்டகலையிலிருந்து திரும்பும்போது பனிமூட்டம் ரோட்டை மூடியிருந்தது. செபமாலை மிதித்தார். கால்கள் தண்ணீருக்குள் அசைவது போல் அசைந்தன. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாகப் புகைக்குள்ளிருந்து வந்து, அவரைப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. ஏற்றம் எங்கே தொடங்கியது என்றே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குனிந்து தள்ளிய ரோட்டை இன்றுதான் நிமிர்ந்து பார்க்கிறார். தூரத்தில் கொழுந்தெடுக்கிற பெண்களின் பேச்சு எங்கோ வானத்திலிருந்து விழுவதாகத் தோன்றியது. தானும் அந்த மூட்டத்தில் ஒரு துண்டாகி, பையோடு மிதந்து மேலே போவதாக நினைத்தார். மூச்சு வாங்கவேயில்லை.

தொரை வங்களாவுக்கு முன்னால் ரோடு வளைகிற வங்களா முடக்கு வந்தது. அவர் இறங்கினார்.

யோசித்து இறங்கவில்லை, கால் தானாக இறங்கியது. தொரை வங்களாவுக்கு முன்னால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நடக்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், தோள்துண்டு கைக்கு வர வேண்டும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. தொரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இருந்தும் அந்த வழக்கம் மட்டும் கப்பலேறவில்லை. மேலே வரும்போது எல்லோரும் எப்படியும் தள்ளிக்கொண்டுதானே வருகிறார்கள்? அது மரியாதையா மூச்சுமுட்டலா என்று அதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

வங்களாவைத் தாண்டியதும் மறுபடி ஏறப் பார்த்தார். அந்தச் செங்குத்தில் பாரம் பின்னால் இழுத்தது. ஒரு கால் பெடலில் படுவதற்குள் சைக்கிள் பின்னுக்கு உருண்டது. மூன்று தரம் பார்த்துவிட்டு, மிச்ச ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தார். தபால் பிந்தியது.

"நாளைக்கும் இப்படின்னா பைய லொறியில போட்டுருவேன் செபமாலை. அப்புறம் என்னயச் சொல்லாதீங்க" என்றார் கிளாக்கர்.

வீட்டில் டோரீன் முழுவதையும் கேட்டாள்.

"அந்த எடத்துல எறங்குனா ஏற முடியாது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப எறங்காதீங்க."

"லேசாச் சொல்ற."

"நீங்க மம்பட்டியோட கான்ல நின்னு இருமுறத நான்தான பாக்கணும்? லேசா எனக்கு?"

அடுத்த நாள் மூட்டம் இன்னும் அடர்த்தி. முடக்கு நெருங்க நெருங்கக் கால் இறங்கத் தவித்தது. செபமாலை அதைப் பெடலிலேயே அமுக்கி வைத்தார். மூட்டம் விலகிய இடத்தில் தொரை வராந்தாவில் கோப்பையோடு நின்றார். காலடியில் நாய். ஹாண்டிலை விட்டால் விழுவார். சலாம் வைக்கக் கையில்லை. தலையை மட்டும் தாழ்த்தினார். நாய் கூடக் குரைக்கவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது, வராந்தாவும் கோப்பையும் நாயும் கனவில் வருகிற படகு போல மெல்ல நகர்ந்து மூட்டத்துக்குள் போய்விட்டன.

தபால் நேரத்துக்கு மேசைக்கு வந்தது. மத்தியானமே கிளாக்கர் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"வங்களாவுக்கு முன்னுக்கு எறங்காமப் போனது யாருன்னு தொரை கேக்கிறாரு. என்னா நீங்க, வயசுக்கேத்த வேலையா இது? 'மன்னிச்சுக்கங்க, இனி எறங்கிப் போறேன்'னு எழுதிக் கொண்டாங்க. நான் இங்கிலீசுல மாத்திக் குடுக்கிறேன். நாளைக்கழிச்சி வரைக்கும் பாப்பேன், இல்லாட்டி லொறிதான்."

அன்று சாயந்தரம் செபமாலை தாளை எடுத்தார். அட்டன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு அவரிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. தேதி போட்டார், ஓரம் விட்டார், ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து எழுதினார்.

"என்னா எழுதுறீங்கன்னு தமிழ்ல சொல்லுங்க" என்றாள் டோரீன்.

"'சைக்கிள்ல எறங்காமப் போனது நாந்தான். எறங்குனா அந்த ஏத்தத்தில மறுபடி ஏற முடியாது, தபால் பிந்திரும். கீழ போறப்ப எறங்கி நடப்பேன். மேல வர்றப்ப எறங்க மாட்டேன். தொரை நேர்ல வந்து அந்த எடத்துல ஏறிப் பாக்கலாம், சைக்கிளு நான் தர்றேன்.'"

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தொரை மிதிக்கிறத நான் பாக்கணும். மன்னிப்பு எங்க?"

"எழுதல."

"கிளாக்கரு கையில குடுத்தா அவரே சேத்து எழுதிருவாரு."

"குடுத்தாத்தானே."

காலையில், வழக்கம் போல முடக்கில் இறங்கி நடந்து, பிறகு ஏறிக் கொட்டகலைக்கு விட்டார். தபால் கந்தோரில் முத்திரை வாங்கி ஒட்டினார். உறையில் தொரையின் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். தொரை பேருக்குத் தபாலில் வருகிற கடிதத்தைப் பிரிக்கக் கிளாக்கருக்கு அதிகாரமில்லை. கொட்டகலை முத்திரை குத்தி, ஊசிப்பாறைப் பையில் கட்டி, நாளைக் காலை அதை அவரிடமேதான் தருவார்கள். அந்த ஏற்றத்தில் அவர்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

உறையின் பசையை நாக்கால் நனைத்து ஒட்டி, விரலால் ஓரம் முழுக்க ஒருமுறை அழுத்தினார். தபால் பெட்டியின் வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு விட்டார்.