வாயாடியின் முதல் பாடம்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தது அப்பா. காது மந்தமான அந்த மனிதருக்கே அவள் பேச்சு போதும் போதும் என்று ஆகிவிட்டதென்றால் மற்றவர்கள் கதியை யோசித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவள் இப்போது கடல் தாண்டி, சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வந்து, பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சேவை செய்யப் போகிறேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. இனி வாயைத் திறந்து குறை சொல்ல முடியாது.

அவளை வரவழைத்த சங்கத்துக்காரர்கள் கொடுத்த அறை ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரங்கள் ஓடினால் மேலே கட்டில் நடுங்கும். ஜன்னலைத் திறந்தால் சோப்பு நெடி, மூடினால் ஈரச்சுவர் வாடை. குழாய் நாலு தடவை இருமிவிட்டுத்தான் தண்ணீர் விடும். படியில் எதிர்ப்படுகிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், இவளும் ஆட்டுவாள். அவர்கள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குப் பேச வேண்டியதெல்லாம் அந்த ஆட்டலிலேயே முடிந்துபோகும்.

வாரம் ஒரு தடவை அண்ணன் போன் செய்வான்.

"சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

"எனக்கென்னண்ணா, ராஜபோகம். ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எம்மேல உசிரையே வச்சிருக்காங்க."

மேசைமேல் பாதி கடித்த ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கூசாமல் சொன்னாள். ஒரு வார்த்தை உண்மை பேசினால் அழுதுவிடுவோம் என்று பயம்.

பின்னால் அப்பாவின் ரேடியோ அலறும். எப்போதும் செய்திதான். ஒரே செய்தியை மூன்று தடவை கேட்டாலும் அவருக்கு அலுக்காது.

"அத கொஞ்சம் குறைக்கச் சொல்லுண்ணா. நீ பேசறது ஒண்ணுமே கேக்கல."

"யாரு, அவரா? சொன்னா இன்னும் கூட்டுவாரு."

சொல்லி வாய் மூடுவதற்குள் சத்தம் கூடும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த வாரத்தில் அவள் சிரிப்பது அந்த ஒரு தடவைதான்.

அவள் கிளம்புகிற சமயத்திலேயே அப்பாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. போகட்டுமா வேண்டாமா என்று அவள் கையைப் பிசைந்தபோது, "நீ போ வாயாடி. இந்த ரேடியோவ விட்டுட்டு நான் எங்க போயிடப் போறேன்?" என்றார். வருஷம் முடிந்ததும் ஓடிப்போய் அவர் காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். அந்த ஒரு பிடிமானத்தில்தான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு சாயங்காலத்தில், ஒரு பழைய கிடங்கில். வருகிறவர்கள் எல்லோரும் வேலை முடிந்து வருகிற பெரியவர்கள், கீழே இருக்கிற சலவைக்கடைக்காரி உட்பட. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். இவளுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று, இவள் படித்த முறை: டீச்சர் சொல்ல வேண்டும், வகுப்பு திருப்பிச் சொல்ல வேண்டும். நன்றாகவே பழக்கியிருந்தாள். இவள் தும்மினால்கூட சேர்ந்து தும்முவார்கள் போல. தினமும் அவள் நுழைந்ததும் எழுந்து நின்று, "ஹவ் ஆர் யூ, டீச்சர்?" என்பார்கள். "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்பாள். பிறகு ஒவ்வொருவரையும் அவள் கேட்பாள், அவர்களும் அதையே சொல்வார்கள். அதுதான் முதல் பாடம்.

ஒரு நாள் கீழே இயந்திரங்கள் ஓடவில்லை. அப்பாடா என்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாள். சாயங்காலம் வகுப்பில் சலவைக்கடைக்காரியின் முறை வந்தபோது, அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாட் ஃபைன்" என்றாள்.

"நோ, நோ. ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ."

அந்தப் பெண் மறுபடியும், "நாட் ஃபைன்" என்றாள். இவளுக்குள்ளிருந்த பழைய வாத்தியார் விழித்துக்கொண்டார். அவளை நிற்கவைத்து, சொல்லும்வரை விடவில்லை. கடைசியில் அந்தப் பெண் சொன்னாள். வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொன்னது. பாடம் முடிந்ததும் சங்கத்து அம்மாள் இவளைத் தனியே கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். சலவைக்கடைக்காரியின் தாயை முந்தின நாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள். வீட்டில் இருக்கமுடியாமல் வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

வாயாடிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அறைக்குப் போகும் வழியில் கடைக்குள் எட்டிப்பார்த்தாள். அந்தப் பெண் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. மன்னிப்பு கேட்க அவள் பாஷையில் ஒரு சொல் கூட இவளுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்கலாமென்றால், அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை.

அந்த வாரம் அண்ணன் பேசியபோது குரல் கணீரென்று கேட்டது.

"என்னண்ணா, இன்னைக்குதான் நீ பேசறது ஒழுங்கா கேக்குது."

"ரேடியோல பேட்டரி போயிடுச்சும்மா. அவரு தூங்கறாரு."

நிம்மதியாகப் பேசிவிட்டு வைத்தாள். மறுநாள் கீழே இயந்திரங்கள் ஓய்ந்த நேரத்தில்தான் நெஞ்சில் சுருக்கென்றது. போன தடவை சத்தம் நின்றபோதும் அப்பாடா என்றுதானே தூங்கினாள்?

வெளியூரில் இருக்கிறவர்களிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். அண்ணன் வெளியூரில் பரீட்சை எழுதியபோது அம்மாவின் ஆபரேஷனை அவனிடமிருந்து மறைத்தவளே இவள்தான். அதனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போனை எடுப்பாள், வைப்பாள். கேட்டுத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

அண்ணனே பேசினான். பின்னால் ரேடியோ அலறியது. செய்திதான். அவளுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல, "அத கொஞ்சம் குறைக்கச் சொல்லுண்ணா" என்றாள்.

சத்தம் உடனே குறைந்தது.

அந்த வீட்டில் யார் சொல்லியும் குறையாத சத்தம். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"எப்போ?"

அந்தப் பக்கம் அண்ணி அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவனும்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம்டா. ஆஸ்பத்திரில இருக்கறப்பவே சொல்றேன்னேன். அப்பாதான் விடல. 'வாயாடி அங்க நல்லா இருக்கா, எல்லாரும் அவமேல உசிரா இருக்காங்க, இப்பதான் கால் ஊனிட்டிருக்கா. அவள கலைக்காத'ன்னாரு. நீதானம்மா ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொன்ன?"

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியலண்ணா என்று சொல்லியிருந்தால் போதும். கூப்பிட்டிருப்பார்கள். முகத்தையாவது பார்த்திருப்பாள்.

சாயங்காலம் வகுப்புக்குப் போனாள். அறையில் இருந்தால் சுவர் மேலே விழுந்துவிடும் போல இருந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சலவைக்கடைக்காரி கடைசி பெஞ்சில் இருந்தாள்.

"ஹவ் ஆர் யூ, டீச்சர்?"

பழகிய பதில் நாக்கு நுனிவரை வந்தது. கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அந்தப் பதில் உள்ளே போய்விட்டது.

"நாட் ஃபைன்" என்றாள். "மை ஃபாதர் இஸ் டெட்."

புதுப் பாடம் என்று நினைத்து வகுப்பு நிமிர்ந்து நின்றது. எல்லோரும் ஒரே குரலில், ஒரு பிசகும் இல்லாமல், உரக்கத் திருப்பிச் சொன்னார்கள்.

"நாட் ஃபைன். மை ஃபாதர் இஸ் டெட்."

சலவைக்கடைக்காரி மட்டும் சொல்லவில்லை. பெஞ்சுகளுக்கு இடையே முழங்கால் இடிக்க நடந்து, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.