குழாயில் தொங்கிய இரண்டு துணிகள்

கல் உப்பு ஜாடிக்குள் கைவிட்டுத் தடவி, அது விளிம்புவரை இருப்பதை உறுதி செய்துகொண்டாள் ஊசி. ஊசி என்பது அவள் பெயர் இல்லை. நாற்பது வருஷம் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தவள், ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். அவளுடைய அண்ணன் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்று அவளுக்குப் பரீட்சை. அண்ணி வழுக்கி விழுந்து கால் முறிந்து, கட்டுப் பிரித்து நான்கு நாள்தான் ஆகிறது. "வெதுவெதுப்பா உப்புத் தண்ணில கால் ஊறட்டும், விறைப்பு குறையும். ஆனா தோல் ரொம்ப மெலிஞ்சிருக்கு. தொட்டி சுத்தமா இல்லேன்னா தொத்து வந்துடும், அப்புறம் மறுபடி ஆஸ்பத்திரிதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அண்ணன் மகன் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான். பழைய கட்டடங்களில் எங்கே விரிசல் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவன் உத்தியோகம். வந்த நாளாக இந்த வீட்டிலும் விரிசல் தேடிக்கொண்டிருந்தான்.

"அத்தை, உங்களால முடியலேன்னா சொல்லிடுங்க. அம்மாவை என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். அங்க ஒரு ரூம்தான் இருக்கு, இல்லேன்னா உங்களையும்..." என்று இழுத்தான்.

அண்ணன் போய்ப் பதினோரு வருஷம். அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அண்ணி ஒருத்திதான்.

"எனக்கென்னடா? கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்றாள்.

சொன்னது பொய். அவளுக்குக் கண்ணில் புரை. ஒன்றரை வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. கறுப்புத் துணியில் வெள்ளை நூல் இன்னமும் தெரியும். வெள்ளை மேல் வெள்ளை என்றால் போச்சு. தொட்டி வெள்ளை, உப்பு வெள்ளை, தேய்க்கிற சோடாவும் வெள்ளை. அவளைக் கவிழ்க்கவென்றே யாரோ பார்த்துப் பார்த்து நிறம் பொறுக்கிய மாதிரி இருந்தது.

காலையிலேயே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்தாள். முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு அலசினாள். பிறகு சோடாவைக் குழைத்துப் பூசி, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சுற்றிப் பழைய பல்துலக்கியால் சுரண்டினாள். கடைசியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, ஆறவிட்டு, துணியால் ஈரம் போகத் துடைத்தாள். ஈரம் நின்றால் கிருமிக்குக் கொண்டாட்டம் என்பது அண்ணியின் சட்டம். பாசி பிடிக்குமளவுக்கு அந்த வீட்டில் எதற்கும் அவகாசம் கிடைத்ததே இல்லை.

அதெல்லாம் ஒரு காலம். வீட்டில் ஐந்து பேர், தொட்டி ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் உப்புக் குளியல். அச்சகத்தில் நாள் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் அண்ணன், மை அப்பிய கையோடு கடைசியாகத்தான் இறங்குவான். அச்சாகும்போது வீணாய்ப்போன தாள்களைக் கையோடு கொண்டுவந்து, முதுகு ஊற ஊற உரக்கப் படிப்பான். எந்தக் கதையும் ஒரு தாளோடு நின்றுவிடும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கதவுக்கு வெளியிலிருந்து ஊசியும் அண்ணியும் கத்துவார்கள். "எனக்கென்ன தெரியும், அடுத்த தாள் நல்லா வந்துடுச்சு" என்பான் அவன். அப்படி அந்தரத்தில் நின்ற கதைகள் எத்தனையோ. அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால்கூடப் போதும் என்று ஊசிக்குத் தோன்றியது.

தொட்டி விஷயத்தில் மட்டும் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். கழுவி முடித்ததற்கு அடையாளமாகக் குழாயில் துணி தொங்கவிட வேண்டும். அண்ணிக்கு மஞ்சள், ஊசிக்கு நீலம். நீலம் தொங்கினால் அண்ணி வந்து ஒற்றை விரலால் தொட்டியை ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கழுவுவாள். மஞ்சள் தொங்கினால் ஊசியும் அதையேதான் செய்வாள். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தேச்சே தொட்டியைக் கரைச்சிடப் போறீங்க" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். முப்பது வருஷம் இப்படி இரட்டைக் கழுவல் கண்ட தொட்டி வேறெங்கும் இருக்காது.

ஊசி நீலத்துணியைக் குழாயில் போட்டாள். கைபோன போக்கில் விளிம்பெல்லாம் தடவினாள். வழவழப்பாகத்தான் பட்டது. ஆனால் நாற்பது வருஷம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். அவற்றின் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது?

"ரெடியா அத்தை?" என்று மகன் கேட்க, ஊன்றுகட்டையோடு அண்ணி மெல்ல வந்தாள். பின்னாலேயே அவன். வாசற்படியில் நின்றபடியே கழுத்தை நீட்டினான். அண்ணி அவனை மறைத்துக்கொண்டு உள்ளே வந்து, பழைய வழக்கப்படி ஒற்றை விரலைத் தொட்டியில் வைத்துக் கோடு இழுத்தாள். குழாய்ப் பக்கம் போனதும் விரல் நின்றது.

விரலில் என்ன இருந்தது என்று ஊசிக்குத் தெரியவில்லை. அது நின்றது மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

அண்ணி விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "டேய், வீட்டுல உப்பு இல்ல. ஓடிப்போய்க் கல் உப்பு வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"இல்ல, அடுத்த வருஷம். போடா."

அவன் போனான். ஊசியின் காலுக்குப் பக்கத்தில் ஜாடி தளும்பத் தளும்ப உப்போடு உட்கார்ந்திருந்தது. அண்ணி கதவைச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"எது அண்ணி?"

"எங்கிட்டயே மறைக்கறியா? கண்ணு."

ஊசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்றரை வருஷம். சொன்னா உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவான். நான் இந்த வீட்டுல தனியா யார் முகத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்?"

"என்னைக் கூட்டிட்டுப் போக நான் என்ன பெட்டியா, படுக்கையா? அழுததெல்லாம் போதும், பிரஷ்ஷை எடு. குழாய்க்குக் கீழ ஒரு சாண் அகலத்துக்கு சோடா காஞ்சு கிடக்கு. இன்னும் கொஞ்சம் இடது. ம்ம், அங்கதான். அழுத்தித் தேய். ஓட்டைகிட்ட ஒரு முடி இருக்கு பாரு... சரி, பார்க்க வேணாம், நான் சொல்ற இடத்துல கையை வை."

அண்ணி சொல்லச் சொல்ல ஊசி தேய்த்தாள். மறுபடி வெந்நீர், மறுபடி துடைப்பு. முப்பது வருஷத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் அந்தத் தொட்டியைக் கழுவினார்கள்.

"ஒண்ணு கேட்கறேன், நிஜத்தைச் சொல்லணும்" என்றாள் ஊசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அந்தக் காலத்துல நான் கழுவினது உண்மையிலேயே அழுக்காவா இருந்தது?"

"ஒருநாள்கூட இல்ல."

"அப்புறம் எதுக்கு மறுபடி கழுவினீங்க?"

"நான் கழுவினதை நீ எதுக்குக் கழுவினே?"

அண்ணிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உப்பு வாங்கிக்கொண்டு அவன் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டியபோது, அண்ணி கழுத்துவரை வெதுவெதுப்பான தண்ணீரில் இருந்தாள். பாதிக் கல் உப்பு அடியில் இன்னும் கரையாமல் கிடந்தது.

"அம்மா, தண்ணிச் சத்தம் கேக்குதே, உப்பில்லாம எப்படி இறங்கினே? தொட்டியை நான் ஒரு தடவை பார்த்திருப்பேனே!"

"பார்த்தாச்சு. நான்தான் பார்த்தேன்." அண்ணியின் குரல் கதவைத் தாண்டி ஓங்கி ஒலித்தது. "நான் எங்கேயும் வரப்போறதில்ல. லீவு போட்டு வந்ததுக்கு ஒரு உருப்படியான காரியம் பண்ணு. உங்க அத்தைக்குக் கண்ணுல புரை. நாளைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் நான் பார்த்துச் சொல்றேன், அவ கழுவட்டும்."

பாவம், அவன் தேடிய விரிசலை அம்மாவே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். "சரிம்மா" என்று மட்டும் வெளியிலிருந்து கேட்டது.

ஊசி தொட்டியின் ஓரமாக உட்கார்ந்து தண்ணீரில் கைவிட்டு அளைந்தாள். உப்பு விரல்களுக்கிடையில் கரைந்து போய்க்கொண்டிருந்தது. "அண்ணி, இப்பவாவது சொல்லுங்க. நிஜமாவே சுத்தமா இருக்கா?"

"உள்ள இறங்கி உக்காந்தப்புறம் என்னடி கேள்வி?" அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த மஞ்சள் துணியையும் எடுத்து நீலத்துக்குப் பக்கத்துல போடு."