கவர் போட்ட கார்

கொதிக்கிற கெட்டிலைத் துண்டில் சுற்றிப் பிடித்தபடி முனியசாமி மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கினான்.

"தம்பி, எங்க தீப்பிடிச்சிருக்கு?" முதல் மாடி வாசலில் நின்று கேட்டாள் ஜுலைஹா பீவி.

"ஒண்ணுமில்லக்கா!"

ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஜுலைஹாவுக்குச் சோறு இறங்காது. துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு பால்கனிக்கு ஓடினாள்.

கீழே மணல் மைதானம். அந்தக் கட்டிடத்துக்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடம் அதுதான். ராஸ் அல் கைமாவின் வெயிலுக்கு ஈடுகொடுத்து நிற்கிற ஒரே ஒரு வேப்பமரம், அதன் நிழலில், லீவில் ஊருக்குப் போயிருக்கிற சோலைமுத்துவின் வெள்ளைக் கார். ஒன்றரை மாதமாகக் கவர் போட்டு மூடிக் கிடந்த கார், இப்போது அம்மணமாக நின்றது. மத்தியானம் அடித்த மணல் காற்று கவரைப் பிய்த்துக்கொண்டு போய் வேலிக் கம்பியில் மாட்டியிருந்தது.

முனியசாமி காரின் பின் பம்பரில் வெந்நீரை ஊற்றினான். ஆவி பறந்தது. கையை அடியில் விட்டு உள்ளிருந்து தள்ளினான். சூடு பொறுக்காமல் கையை உதறினான். மறுபடியும் ஊற்றினான்.

அட, பம்பர் நெளிந்திருக்கிறது! வெந்நீரில் இளக்கி நிமிர்த்தப் பார்க்கிறான். நெளிந்த இடத்தில் ஒரு கீற்று, பச்சை நிறத்தில்.

இந்த மைதானத்தில் பச்சை நிற வண்டி ஒன்றே ஒன்றுதான். அவள் கணவன் ஈசாவின் மளிகைக் கடை பிக்கப்.

ஒன்றரை மாதத்துக்கு முன் அந்த பிக்கப்பின் பின் விளக்கை யாரோ உடைத்து, கதவையும் நசுக்கிவிட்டுச் சொல்லாமல் போயிருந்தார்கள். அன்றிலிருந்து ஈசா தூங்கவில்லை, யாரையும் தூங்க விடவுமில்லை. போலீஸ் பேப்பர் இல்லாமல் எந்த கராஜிலும் ஒரு சுத்தியல் விழாது. இடித்தவன் யாரென்று தெரியாது என்று சொல்லியும் பேப்பர் வாங்கலாம்தான். ஆனால் ஈசா கீழக்கரைக்காரர், பிடித்த பிடியை விடமாட்டார். "ஆளைப் பிடிக்காம பேப்பர் வாங்க மாட்டேன்" என்று சிவப்பு டேப் ஒட்டிய விளக்கோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வருகிற நேரம் இது. ஜுலைஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே ஓடினாள்.

ஓடி என்ன பயன்? அவள் போய்ச் சேருவதற்குள் ஈசா அங்கே நின்றுகொண்டிருந்தார். பச்சைக் கீற்றை நகத்தால் சுரண்டி, மோந்துகூடப் பார்த்துவிட்டார்.

"நீதானாடா?"

"இல்ல பாய்! சத்தியமா எனக்கே இப்பத்தான் தெரியும். கவர் பறந்த பிறகு..."

"சாவி யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

"அப்ப வண்டிக்கு ஜின்னு பிடிச்சுத் தானா ஓடுச்சா?"

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கார் சாவியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே எல்லாரும் செய்கிற காரியம். அவ்வப்போது ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டி வைத்தால்தான் இந்த வெயிலில் பேட்டரி உயிரோடு இருக்கும். சோலைமுத்து தன் சாவியை முனியசாமியிடம் கொடுத்ததில் இன்னொரு உரிமையும் இருந்தது. சோலைமுத்துவின் தங்கை ஜோதிமணியைத்தான் முனியசாமிக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் இவன் ஊருக்குப் பறக்கிறான். தாலி கட்டப் போகிறான்.

ஈசாவுக்கும் அது தெரியும். அந்த இடத்திலேயே கை வைத்தார்.

"இடிச்சிட்டு ஓடினா இங்க என்னன்னு தெரியும்ல? கேஸு. கேஸ் முடியிற வரைக்கும் நீ ஃப்ளைட் ஏறின மாதிரிதான். மணவறையில பொண்ணு மட்டும் உக்காந்திருக்கும்." போனை எடுத்தார். "போலீஸைக் கூப்பிடுறேன்."

முனியசாமி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பாய், போலீஸ் மட்டும் வேணாம் பாய்!"

"ஏன்? நீதான் இடிக்கலையே?"

"இடிக்கல. ஆனா போலீஸ் வேணாம்."

ஜுலைஹா அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகம் அல்ல அது. ஆனாலும் எதையோ முழுங்குகிறான். என்ன அது?

"ஒரு நிமிஷம் பொறுங்க" என்றாள் கணவனிடம். "உங்க பிக்கப் எப்ப அடிபட்டுச்சு?"

"எத்தனை தடவை சொல்றது? வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு வந்து சாமான் ஏத்தப் போறேன், விளக்கு நொறுங்கிக் கிடக்கு. சோலைமுத்து முந்தின நாள் சாயங்காலமே டாக்ஸி பிடிச்சு ஏர்போர்ட் போயாச்சு. பிறகு சாவி இவன்கிட்டதான்."

"வெள்ளிக்கிழமை பார்த்தீங்க. அடிபட்டது வெள்ளிக்கிழமைதான்னு யாரு சொன்னா? வியாழக்கிழமை வண்டியோட பின்பக்கம் போனீங்களா?"

"வியாழக்கிழமை எங்க பார்த்தேன்..." என்று ஈசா விரல் விட்டு எண்ணினார்.

ஜுலைஹா முந்தானையைச் செருகிக்கொண்டு மணலில் மண்டி போட்டாள். காருக்கு அடியில் தலையை விட்டாள்.

"புள்ள, நீ என்ன மெக்கானிக்கா?"

"சும்மா இருங்க... அட அல்லாவே!"

"என்ன?"

"புல்லு முளைச்சிருக்கு!"

ஈசாவும் குனிந்தார். முன் சக்கரங்களுக்கு நடுவே, சுற்றிலும் சுட்டெரிக்கிற மணலில், உள்ளங்கை அகலத்துக்குப் பசேலென்று புல். கார் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம். தினமும் அதே இடத்தில் சொட்டிச் சொட்டி, குழி விழுந்து, குழியில் புல்லும் வந்துவிட்டது. நான்கு டயர்களையும் மணல் கவ்விப் பிடித்திருந்தது.

ஜுலைஹா எழுந்து கையைத் தட்டினாள். கண் பளபளத்தது.

"கேட்டுக்கங்க. இந்த வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கு, ஏசியும் ஓடியிருக்கு. ஆனா ஒரு சாண் நகரல. நகர்ந்திருந்தா ஒரே இடத்துல எப்படித் தண்ணி விழும்? தம்பி, நீ கவரை முழுசாக் கழட்டுவியா?"

"இல்லக்கா. முன்பக்கம் பாதி தூக்கிட்டு உள்ள ஏறுவேன். பின்னால பார்த்ததே இல்ல."

"உள்ள ஏறி?"

முனியசாமி நெளிந்தான். "ஜோதிமணிகிட்ட பேசுவேன். ரூம்ல ஆறு பேரு. கேலி பண்ணுவானுங்க."

"ஆக, நெளிசல் கவர் போடுறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. கவர் போட்டது யாரு? சோலைமுத்து. போற அவசரத்துல நிழல்ல விட்டுட்டுப் போகலாம்னு ரிவர்ஸ் எடுத்திருக்கான். எடுக்க வழி இருந்ததா? வேற எவனும் நிழலுக்கு வந்துடக் கூடாதுன்னு பிக்கப்பைக் குறுக்க விடுறது யாரு? போன் நம்பராவது கண்ணாடியில வைக்கிறது உண்டா?"

"அதுக்கு இடிச்சிட்டு மூடி வச்சிட்டுப் போவானா?" ஈசா சீறினார். ஆனால் குரலில் பாதி காற்று இறங்கிவிட்டது. தாடியைத் தடவினார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"அது சரி. இவன் அன்னைக்குக் கடையில என்ன சொன்னான்? 'வாரா வாரம் கடற்கரை கார்னிஷ் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன் பாய், வண்டி வெண்ணெய் மாதிரி போகுது'ன்னான். கடைப் பையன் ஹஸ்னைன்கூட பக்கத்துல நின்னு கேட்டான். நகராத வண்டியில எந்தக் கார்னிஷுக்குடா போனே?"

ஜுலைஹாவுக்கும் அதுதான் உறுத்தியது. இவ்வளவு நேரம் அவன் வாயில் இருந்திருக்க வேண்டிய ஒரே பதில், நான் வண்டியை எடுக்கவே இல்லை என்பது. அதைச் சொல்லியிருந்தால் அப்போதே தப்பித்திருப்பான். சொல்லவில்லை. ஏன்?

ஈசாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அவர் கை தானாக முனியசாமியின் தோளில் விழுந்தது.

"புரிஞ்சிருச்சு. மச்சான் மாட்டிக்கக் கூடாதுன்னு நீ பழியை வாங்கிக்கிட்டே. பொண்ணு வீட்டு மானம்! ஆம்பளைடா நீ. நான் ஒரு கிறுக்கன், உன்னைப் போய்..." "நீ கவலைப்படாதே. இப்பவே சோலைமுத்துவுக்குப் போன் போடுறேன். 'டேய், உன் வண்டி நின்ன இடத்தை விட்டு அசையவே இல்ல, முனியசாமி அதைத் தொட்டு ஓட்டவே இல்ல, இடிச்சது நீதான்'னு மூஞ்சிக்கு நேரா..."

"ஐயோ, வேணாம் பாய்!"

முனியசாமி மணலில் உட்கார்ந்தே விட்டான். போலீஸ் என்றபோதுகூட அவன் முகம் இப்படி வெளுக்கவில்லை.

"இடிச்சது நான்தான்னே சொல்லிடுங்க. கராஜ் செலவை நான் தர்றேன். வண்டி நகரலன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. கல்யாணம் நின்னுடும்!"

"வண்டி நகராததுக்கும் கல்யாணத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" ஜுலைஹா அவன் எதிரே குத்த வைத்து உட்கார்ந்தாள். "ஒன்றரை மாசமா தினம் உள்ள ஏறி உக்காந்திருக்கே. ஸ்டியரிங் கையில. ரோடு முன்னாடி. ஒரு நாளாவது, ஆசைக்காவது, ஒரு அடி நகர்த்தத் தோணலையா?"

அவன் வேலிக் கம்பியில் படபடத்த கவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஹெல்பருக்குத் தங்கச்சியைத் தர மாட்டேன்னு சோலைமுத்து கறாராச் சொல்லிட்டாருக்கா. டிரைவர்னா தர்றேன்னாரு. அதான் லைசென்ஸ் கிடைச்சிருச்சுன்னு பில்டிங் பூரா பிரியாணி போட்டேன்."

"ஆமா, போட்டே" என்றார் ஈசா. "நான்தானே அரிசி கொடுத்தேன்."

"ரோடு டெஸ்ட்டுல ஏழாவது தடவையும் ஃபெயில் ஆன அன்னைக்குத்தான் பாய் அந்தப் பிரியாணி. ஸ்டார்ட் பண்ணுவேன், ஏசி போடுவேன், ஆஃப் பண்ணுவேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."